மரத்தக்காளி ஜாம் செய்கிறேன்: யாரை நினைத்து விற்பது?

கொட்டகலைத் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பதினொரு மரத்தக்காளி மரங்கள் நிற்கின்றன. அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்தால் முப்பதுக்கு மேல் வரும். காய்க்கும் காலத்தில் பழம் தரையில் விழுந்து மிதிபடும். சிறு வயதிலிருந்தே அதைப் பார்த்து எனக்கு மனம் பொறுத்ததில்லை. போன வருடம் ஜாம் போடத் தொடங்கினேன். பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிவு செய்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமையலறையைப் பார்த்துவிட்டுப் போனார். 350 கிராம் கண்ணாடிப் போத்தல், விலை 850 ரூபா. செலவு 430 ரூபாவை நெருங்குகிறது.

140 போத்தல் போட்டேன். மூன்று மாதத்தில் 52 விற்றது. அதில் 31 சொந்தக்காரர்களும் அம்மாவோடு மலையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் எனக்காக வாங்கியவை. அறிமுகமில்லாதவர்கள் வாங்கியது 21 மட்டுமே. மீதி 88 போத்தல் கட்டிலுக்கு அடியில் அடுக்கி இருக்கிறது.

இப்போது கையில் 20,000 ரூபா இருக்கிறது. பேஸ்புக்கில் விளம்பரம் போடலாம் என்று நினைக்கிறேன். யாருக்குக் காட்ட வேண்டும் என்று அது கேட்கிறது: எந்த ஊர், எந்த வயது, ஆணா பெண்ணா, என்ன மொழி. ஜாம் எல்லோரும் சாப்பிடுவதுதானே என்று இலங்கை முழுவதும், 18 முதல் 65 வரை என்று போட்டுவிட்டு, பொத்தானை அழுத்தாமல் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எல்ல என்ற சுற்றுலா ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள், கொழும்பு சுப்பர்மார்க்கெட், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள், இந்த மூன்றும் மனதில் இருக்கின்றன. நம் தோட்டத்து ஆட்கள் இதை வாங்க மாட்டார்கள், அதனால் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. லேபல் ஆங்கிலத்தில், எல்லவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தோடு அடித்திருக்கிறேன்.

சரியாகத்தான் போகிறேனா?

பண்டாரவளைக் கடை

தங்கச்சி, அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம். பணம் பெட்டியில் இருக்கட்டும்.

பதினெட்டு வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஜாம் யார் வாங்குகிறார்கள் என்று என் கடையில் நின்று பார்த்தால் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாணில் பூசிக் கொடுக்க அம்மா வாங்குகிறார். அவர் கேட்பது மூன்று: விலை எவ்வளவு, பிள்ளை சாப்பிடுமா, எத்தனை நாளைக்கு வரும். உங்கள் ஜாம் மரத்தக்காளி, அதில் ஒரு புளிப்பும் துவர்ப்பும் இருக்கும். பெரிய கம்பனி ஜாமின் இனிப்புக்குப் பழகிய பிள்ளை அதை ஒதுக்கும். ஆகவே கடைத் தட்டில் அதன் பக்கத்தில் வைத்தால் நீங்கள் தோற்பீர்கள். ஜாம் மட்டமானது என்று சொல்லவில்லை. அந்த அம்மா உங்களுடைய ஆள் இல்லை.

சுப்பர்மார்க்கெட் ஆசையைப் பற்றியும் சொல்கிறேன். நான் பழரசம் போட்டு ஒரு பெரிய கடைத்தொடருக்குக் கொடுத்தேன். 479 என்று தொடங்கும் பார்கோட் எடுத்து, பெட்டி அடித்து, லொறிக்குச் செலவழித்து அனுப்பினேன். காசு வர மூன்று மாதம். விற்காததைத் திருப்பி அனுப்பினார்கள், அதன் போக்குவரத்துச் செலவும் என் தலையில். அதைத் தாங்கக் கையில் முதலீடு வேண்டும். 140 போத்தல் போடுகிறவர் போகிற வழி அது இல்லை.

முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த 21 பேர் யார்? அவர்களில் யாராவது இரண்டாவது முறை வாங்கினார்களா? முதல் போத்தலை இரக்கத்திலோ, ஆசையிலோ, லேபலைப் பார்த்தோ யாரும் வாங்குவார்கள். இரண்டாவது போத்தலைக் கேட்டு வருகிறவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

எல்ல விருந்தகம்

வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி நான் சொல்லலாம், வீட்டில் நான்கு அறை விடுகிறேன்.

காலைச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியோடு மரத்தக்காளி ஜாம் வைப்பேன், நானே போடுவது. தட்டில் அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் என்ன பழம் என்று கேட்பார்கள். முழுப் பழத்தை வெட்டிக் காட்டினால் படம் எடுப்பார்கள். போன பருவத்தில் பாராட்டாமல் போனவர் யாரும் இல்லை. ஆனால் வாங்கிப் போனவர்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம்.

காரணம் சுவையில் இல்லை, பையில் இருக்கிறது. முதுகுப் பையோடு ரயிலில் ஏறி இறங்குகிறவர் கண்ணாடிப் போத்தலைச் சுமக்கப் பயப்படுகிறார், உடைந்தால் துணியெல்லாம் போய்விடும். கைப்பையோடு மட்டும் விமானம் ஏறுகிறவருக்கு இன்னொரு தடை: பெரும்பாலான விமான நிலையங்களில் ஜாமும் திரவக் கணக்கில்தான், 100 மில்லிலீற்றருக்கு மேல் கொண்டுபோக முடியாது. 350 கிராம் போத்தலைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். அவர்களுக்கு விற்க ஆசை என்றால் 80 கிராம் போத்தல் போடுங்கள்.

ஆனால் இதை எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது. பருவத்தில் எனக்கு ஜாம் போட நேரமே இல்லை. யாராவது ஒரே தரத்தில் போட்டுத் தந்தால் மாதம் ஆறு பெரிய போத்தல் வாங்குவேன். லேபலில் என்ன படம் இருக்கிறது என்பது எனக்குத் தேவையில்லை, கிண்ணத்தில் ஊற்றித்தான் வைக்கப் போகிறேன். நீங்கள் விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கக்கூடியவள் நான் இங்கே இருக்கிறேன்.

நானுஓயா

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தை மறந்துவிட்டீர்களே. மார்கழிப் பௌர்ணமிப் போயாவிலிருந்து வைகாசி வெசாக் வரைக்கும் ஹட்டன் வழியாக எத்தனை ஆயிரம் பேர் போய் வருகிறார்கள். சிங்களக் குடும்பங்கள் அதிகம். அவர்களுக்கு இந்தப் பழம் புதிதில்லை, கஸ் தக்காளி என்று ஆசையாகச் சொல்வார்கள். ஆனால் லேபலில் ஒரு சிங்கள எழுத்துக்கூட இல்லை என்றால் எப்படித் தெரியும்?

பதுளை வாத்தியார்

வணிகக் கல்வி படிப்பிக்கிறவன். இந்த இழையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று தோன்றுகிறது.

சந்தையைக் கூறுபோட்டுப் பார்ப்பது பற்றி 1956-ல் வெண்டல் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரையும் ஒரே பொருளை நோக்கி இழுப்பது ஒரு வழி, வேறுபட்ட தேவைகளை ஏற்றுக்கொண்டு அவற்றுக்கேற்பப் பொருளை அமைப்பது வேறு வழி என்று அவர் பிரித்துக் காட்டினார். பாடத்தில் இதை வயது, வருமானம், இடம் என்று கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த மலையிலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தொழிற்சாலைக்கு ஏறிப் போயிருப்பீர்கள். தோமஸ் லிப்டன் 1890-ல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களில் ஒன்று அது. அவர் தேயிலை வளர்த்துப் பழகியவர் இல்லை. 1871-ல் கிளாஸ்கோவில் மளிகைக் கடை திறந்தவர். கடையில் நின்றவர் என்பதால் வாங்குகிற கையைத் தெரிந்துவைத்திருந்தார். அந்த நாளில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார்கள், விலையும் அதிகம். லிப்டன் அதை ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று பொதிகளாகக் கட்டி, விலையைக் குறைத்து, கூலிவேலை செய்கிற குடும்பத்தின் கைக்குக் கொண்டுபோனார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. ஓர் ஊரின் தண்ணீரில் நன்றாக இறங்கும் தேயிலை இன்னோர் ஊரின் தண்ணீரில் சோபிக்காது. லிப்டன் ஊருக்கு ஊர் தண்ணீருக்கு ஏற்றபடி கலவையை மாற்றி, உங்கள் ஊர்த் தண்ணீருக்குப் பொருத்தமான தேயிலை என்றே விளம்பரம் செய்தார். ஆணா பெண்ணா, வயது என்ன என்று கேட்கவில்லை. அந்த வீட்டுக் கேத்தலுக்குள் என்ன தண்ணீர் கொதிக்கிறது என்று கேட்டார்.

மகளே, பேஸ்புக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தேடாதீர்கள். உங்கள் போத்தல் எந்த நேரத்தில், யாருடைய கையால், எதற்காகத் திறக்கப்படுகிறது? அதைக் கண்டுபிடியுங்கள். வயதும் ஊரும் பின்னால் தானாக வரும்.

மவுசாகலை

வாத்தியார் சேர் எழுதியது எல்லாம் சரி. ஆனால் யாரும் தொடாத ஒரு வரி இருக்கிறது. "நம் தோட்டத்து ஆட்கள் இதை வாங்க மாட்டார்கள், அதனால் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை." இதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

தங்கச்சி, நான் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். தோட்டத்துக் கடைக்குப் போய்ப் பாருங்கள். பிஸ்கட், ஷாம்புப் பை, சோடா, நூடுல்ஸ் எல்லாம் தொங்குகிறது. கொழும்பிலிருந்து வான் வைத்துக்கொண்டு வந்து போடுகிறார்கள். அவர்கள் எங்களைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பிறந்து, எங்கள் மரத்துப் பழத்தை எடுத்து, எங்கள் அடுப்பில் காய்ச்சுகிற நீங்கள் எங்களை எடுக்கவில்லை. ஏழைகள் என்று நினைத்துத்தானே? ஏழைகள்தான். 2021-ல் 1000 ரூபா ஆன நாட்சம்பளம் 2024-ல் 1350 ஆனது, அதுவும் எடுக்கிற கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று போய்விடும். ஆனாலும் நாங்கள் வாங்குகிறோம். தீபாவளி முற்பணம் கிடைத்த கிழமையில் ஹட்டன் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்கிறதா?

சிக் ஷாம்பு கதையை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கத்து ரங்கநாதன் 1983-ல் தொடங்கியது. ஷாம்பு பட்டணத்துப் பணக்காரர்களுக்கு என்று மற்றவர்கள் இருந்தபோது, அவர் சின்னப் பையில் போட்டுக் கிராமத்துக்கு எடுத்துப் போனார். ஊர் நடுவில் ஒரு பையனை உட்காரவைத்துத் தலை குளிப்பாட்டிக் காட்டினார்கள். எந்தக் கம்பனியின் வெற்றுப் பையைக் கொண்டுவந்தாலும் மாற்றிக்கொடுத்தார்கள், பிறகு சிக் பைக்கு மட்டும் என்று மாற்றினார்கள். வாங்க வசதி இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் அந்த வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்.

கொட்டகலைத் தோட்டம்

மவுசாகலை அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். பிறகு வந்து, "அந்தப் பிள்ளை சரியாகத்தான் கேட்கிறாள்" என்றார்.

ஒதுக்கிவிட்டேன் என்பது உண்மை. ஆனால் கேவலமாக நினைத்து இல்லை. அம்மாவின் சம்பளச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் நான். ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் விழுங்குகிற போத்தலை அவர்கள் முன்னால் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. என் அத்தைகள் அதை எனக்காக வாங்கினார்கள். அந்தக் காசை வாங்கும்போது கை கூசியது. சின்னப் போத்தல் போட்டால் விலை குறையும், ஆனால் போத்தலும் மூடியுமே பாதிச் செலவு. பைக்குள் அடைக்க இயந்திரம் இல்லை.

ஆனால் இன்னொன்றும் யோசிக்கிறேன். 200 ரூபாவுக்குக் கொடுத்தாலும் ஜாம் வாங்குவார்களா? நாங்கள் வீட்டில் ஜாம் தின்பதில்லையே. காலையில் ரொட்டியும் சம்பலும்தான்.

பண்டாரவளைக் கடை

அப்படி என்றால் கேள்வி யாருக்கு விற்பது என்பது மட்டும் இல்லை போலிருக்கிறதே.

வெள்ளவத்தை அறை

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதுகிறேன்.

நோர்வூட் பக்கம் என் ஊர். கொழும்பில் புடைவைக் கடையில் வேலை, ஓர் அறையில் ஆறு பேர். மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போவேன். ஞாயிறு மதியம் திரும்பும்போது அம்மா ஒரு பை கட்டித் தருவார். அதற்குள் என்ன இருக்கும் தெரியுமா? ரொட்டி எட்டு, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் மரத்தக்காளிச் சம்பல்.

அம்மா அதைச் செய்வதை எத்தனையோ தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விறகடுப்புத் தணலில் பழத்தைப் போட்டுப் புரட்டுவார். தோல் வெடித்துச் சீறும். கருகிய தோலை விரலால் உரித்துவிட்டு, காம்பைப் பிடித்துக்கொண்டு அம்மியில் காய்ந்த மிளகாய், உள்ளி, சின்ன வெங்காயம், உப்போடு ஒரே இழுப்பு. அந்தப் புகை வாசம் கையில் அடுத்த நாளும் இருக்கும். கொழும்புக்கு வந்து சேர இரவு எட்டு மணி ஆகும். அறையில் மற்ற ஐந்து பேரும் பையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், அதில் இரண்டு பேர் மட்டக்களப்பு. திங்கட்கிழமை இரவுக்குள் போத்தல் காலி. காலியாகாவிட்டாலும் புதன்கிழமை நுரைத்துவிடும்.

தங்கச்சி, ஜாமை யாருக்கு விற்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மாதம் கெடாமல் இருக்கிற அந்தச் சம்பலை யாராவது போத்தலில் அடைத்துத் தந்தால், இந்த அறையில் மட்டும் மாதம் நான்கு போத்தல் போகும். இப்படிக் கொழும்பில் எத்தனை அறை இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, தெமட்டகொடை என்று எல்லா இடத்திலும் நம் பிள்ளைகள்தான்.

பேராதனைப் பட்டதாரி

அவசரமாக ஒரு விஷயம். உணவு விஞ்ஞானம் படித்தவன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜாமும் சம்பலும் ஒன்றில்லை. ஜாமில் சீனி அதிகம், பழமும் புளிப்பு, அதனால் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும். சம்பலில் வெங்காயமும் உள்ளியும் சேர்கின்றன. இரண்டும் புளிப்புக் குறைந்தவை, மண்ணோடு வருபவை. மூடி இறுக்கிய போத்தலுக்குள் காற்று இல்லாத இடத்தில், புளிப்பும் போதாமல் இருந்தால், பொட்டுலினம் என்ற நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். அதன் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாவதில்லை. நஞ்சு உண்டானால் மணத்திலோ நிறத்திலோ தெரியவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

காப்பது புளிப்புத்தான். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பழமும் வெங்காயமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் 4.0-க்குக் கீழே வைத்துக்கொண்டால் நல்லது. மரத்தக்காளி இயல்பாகவே புளிப்பானது, கொஞ்சம் வினாகிரி சேர்த்தால் எட்டிவிடலாம். நிறம் மாறும் தாளை நம்பாதீர்கள், மீட்டரால் அளக்க வேண்டும். ஒரு மாதிரியைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்காமல் ஒரு போத்தல்கூட வெளியே போகக் கூடாது.

இது வாடிக்கையாளர் பற்றிய பேச்சுக்கு வெளியே உள்ளது என்று நினைக்க வேண்டாம். அறையில் ஆறு பேர், குளிர்சாதனப்பெட்டி இல்லை, மூடியைத் திறந்துவைத்து மூன்று நாள் தின்பார்கள். அவர்களுக்காகச் செய்வதென்றால் அவர்கள் வைக்கிற இடத்தில் கெடாமல் இருக்கும்படி செய்ய வேண்டும்.

வெள்ளவத்தை அறை

திறந்த போத்தலை நாங்கள் ஜன்னல் விளிம்பில்தான் வைக்கிறோம். மதியம் அங்கே வெயில் அடிக்கும்.

பேராதனைப் பட்டதாரி

பார்த்தீர்களா. அப்படியானால் சின்னப் போத்தல்தான் சரி. திறந்தால் ஒரே நாளில் முடிய வேண்டும்.

கொட்டகலைத் தோட்டம்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் சொன்னதைச் செய்து பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன்.

முதலில் கடை அண்ணா கேட்ட 21 பேர். 13 பேருடைய வாட்ஸ்அப் இலக்கம் இருந்தது, எல்லோரையும் கூப்பிட்டேன். ஐந்து பேர் தங்குமிடம் நடத்துகிறவர்கள். நான்கு பேர் பிள்ளையின் ஆசிரியருக்கும் டொக்டருக்கும் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேர் திறந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஒருவர் கனடாவிலிருந்து வந்த அக்காவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இரண்டாவது முறை வாங்கியவர்கள் மூன்று பேர், மூவருமே தங்குமிடக்காரர்கள். எல்ல அக்கா சொன்னது அப்படியே. கட்டிலுக்கு அடியில் இருந்த ஜாமில் 60 போத்தல் இப்போது அவர்களிடமும் எல்ல அக்காவிடமும் போய்விட்டது. ஜாமுக்கு இனி லேபலில் பாலம் இல்லை, ஒரு கிலோ போத்தலில் திகதி மட்டும் ஒட்டிக் கொடுக்கிறேன்.

சம்பல்: மூன்று தடவை செய்து பார்த்து, நான்காவதைப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கை வரும்வரை காத்திருந்தேன். பிஎச் 3.8 வந்தது. அறிக்கை வந்த நாளில் பட்டதாரி அண்ணாவுக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினேன். 150 கிராம் போத்தல், 320 ரூபா.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள பழக்கடைக்காரர் தன் வாசலில் ஒரு சின்ன மேசை போட இடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய் நின்றேன். வெள்ளவத்தை அண்ணா எழுதியதை நம்பி, கொழும்புக்குப் போகிற இளைஞர்களைப் பார்த்து, "வீட்டுச் சம்பல், அறைக்குக் கொண்டுபோகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காதில் வயரை மாட்டிக்கொண்டு கடந்து போனார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு போத்தல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது ஓர் அம்மா வந்தார். மகனை வழியனுப்ப வந்தவர், கையில் குடை, இடுப்பில் சேலையைச் செருகியிருந்தார். போத்தலை எடுத்தார். விலையைக் கேட்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தார். மூடியின் ஓரத்தை மோந்தார். "எத்தனை நாள் கிடக்கும்?" என்றார். சொன்னேன். "அடுப்பில் சுட்டதா, காஸிலா?" என்றார். விறகில் சுட்டது என்றேன். ருசி பார்க்க வைத்திருந்த கிண்ணத்திலிருந்து சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு அவனுடைய பையைத் திறந்து, இரண்டு போத்தலைத் துணிகளுக்கு நடுவில் அவரே அடுக்கினார். அவன், வேண்டாம் அம்மா என்றான். அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் எவ்வளவு என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. அம்மாக்களைப் பார்த்துத்தான் பேசினேன். அன்றைக்கு 19 போத்தல் போனது. தின்பவன் ஒருவன், காசு கொடுப்பவர் இன்னொருவர். காசு கொடுப்பவர் பயப்படுவது பிள்ளையின் வயிற்றுக்கு. 15 வயதிலிருந்து தானே சம்பல் அரைக்கிற ஒருத்தி என்னுடைய சம்பலைச் சோதிக்கிறாள் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வயது, ஊர், மொழி என்று எந்தப் பெட்டியைத் தட்டினாலும் பேஸ்புக்கில் அவரை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மவுசாகலை அக்கா, அவர்கள் எல்லோரும் தோட்டத்து ஆட்கள்.

இரண்டாவது ஞாயிறு 7 தான் விற்றது. ஏன் என்று புரியாமல் அம்மாவிடம் கேட்டேன். "திகதியைப் பார்த்தாயா? சம்பளம் போட இன்னும் மூன்று நாள் இருக்கிறது" என்றார். மூன்றாவது ஞாயிறு 26. அதில் நான்கு பேர் காலிப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு கேட்டார்கள். முதல் நாள் வந்த குடைக்கார அம்மா அதில் ஒருவர். மகன் போனில் கேட்டானாம்.

இப்போது இரண்டு விஷயத்தில் குழப்பம். காலிப் போத்தலைத் திருப்பித் தந்தால் 40 ரூபா குறைக்கலாம் என்று நினைக்கிறேன், கழுவிக் கொதிக்கவைத்துப் பாவிக்கலாமா? புது லேபலை எந்த மொழியில் அடிப்பது? சிவனொளிபாதமலைப் பருவம் வருகிறது.

பேராதனைப் பட்டதாரி

போத்தலைக் கொதிக்கவைத்துப் பாவிக்கலாம், விளிம்பில் கீறலோ உடைவோ இருந்தால் எறிந்துவிடுங்கள். மூடியை மறுபடி பாவிக்கவே கூடாது. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் ஒரு தடவை சூட்டில் இறுகினால் அடுத்த தடவை சரியாகப் பிடிக்காது. 40 ரூபா குறைக்கும்போது புது மூடியின் விலையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானுஓயா

தமிழும் சிங்களமும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். ஆனால் யாத்திரைக்கு வருகிறவர்கள் வாங்குவார்கள் என்று நான் சொன்னதை நம்பி நிறையப் போட்டுவிடாதீர்கள். முதல் போயாவுக்கு இருபது போத்தலோடு நின்று பாருங்கள்.

பதுளை வாத்தியார்

எழுதியதை முழுவதும் வாசித்தேன். கட்டம் போட்ட பாடத்தை இந்தத் தவணை இப்படியே நடத்தப் போகிறேன், அனுமதி தருவீர்களா? பெயரோ ஊரோ சொல்ல மாட்டேன். ஒரு கேள்வி: மூன்று ஞாயிறும் சேர்த்து யார் வாங்கினார் என்று கொப்பியில் எழுதி வைத்தீர்களா? இல்லை என்றால் இந்தக் கிழமையிலிருந்து எழுதுங்கள். திகதி, அம்மாவா பிள்ளையா, முதல் தடவையா இரண்டாவது தடவையா. வேறு ஒன்றும் வேண்டாம்.

கொட்டகலைத் தோட்டம்

எழுதவில்லை சேர். எல்லாம் மனதில்தான் இருக்கிறது. இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குகிறேன். பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள்.

20,000 ரூபாவில் 6,500 லேபலுக்கும் மூடிக்கும் போயிற்று. மிச்சம் அப்படியே இருக்கிறது.

மவுசாகலை

தங்கச்சி, 10ஆம் திகதி சம்பளம். அதற்கு அடுத்த ஞாயிறு என் மகன் லீவு முடிந்து போகிறான், பன்னிரண்டரை பஸ். நானும் வருவேன். எனக்கு மூன்று போத்தல் எடுத்து வையுங்கள். உறைப்புக் கூட இருக்கட்டும், அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு நாள் பேசிக்கொண்டு நிற்கலாம்.